ஒத்தக்கால் சாக்ஸோட கம்ப்யூட்டர் ரூமுக்குள்ள போன கதை

கதவுக்குக் கீழ சில்லுனு ஒரு காத்து வரும்... அந்த இடுக்குல வெறுங்காலை நீட்டி வெச்சுக்கிட்டு ரீசஸ் முழுக்க உக்காந்திருப்போம்.

மைசூர் மைன்ஸ்னு ஒரு தங்கச் சுரங்கம், அது பக்கம்தான் எங்க ஸ்கூல். கதவுக்கு அந்தப் பக்கம் ஏசி. ஏசிக்குள்ள ஒரே ஒரு கம்ப்யூட்டர், கல்யாணப் பொண்ணு மாதிரி துணி போட்டு மூடியிருக்கும். ஜில்லாவுக்கே அது ஒண்ணுதான்னு நான் சொல்லுவேன்... இதுவரைக்கும் யாரும் மறுத்ததில்ல.

சாக்ஸ் போட்டவங்க மட்டும்தான் உள்ள போகலாம், அது சார் போட்ட ரூல். வெறுங்கால் தூசி கம்ப்யூட்டருக்கு ஆகாதாம். மைன்ஸ் ஆபீசர் வீட்டுப் பசங்க ஷூவைக் கழட்டிட்டு வெள்ளை சாக்ஸோட ஜம்முனு போவாங்க. ஸ்கெலட்டன் லைன்னு சுரங்கத் தொழிலாளிங்க வீட்டு வரிசை, அந்த வீட்டுப் பசங்க நாங்க... ஷூவே கெடையாது, சாக்ஸுக்கு எங்க போறது?

ஆனா எனக்கு மூளைன்னு ஒண்ணு இருந்துச்சே!

எங்கப்பா சுரங்க ஷாஃப்ட்ல எறங்குறப்போ பூட்ஸுக்குள்ள போடுற கம்பளி சாக்ஸ். எனக்கு தொடை வரைக்கும் வரும். நைட் ஷிப்ட் முடிச்சு அவர் தூங்குறப்போ எடுத்துட்டேன். இருந்தது ஒரு ஜோடி. ஆளு ரெண்டு... நானும் என் கூட்டாளி அந்தோணியும். ஆளுக்கு ஒண்ணு மாட்டி, இன்னொரு காலைத் தூக்கிக்கிட்டு நொண்டியடிச்சே உள்ள போனோம்.

"இன்னாடா கூத்து இது?"ன்னாரு சார்.

"சாக்ஸ் போட்ட காலு மட்டும்தான் சார் தரையில படுது!"ன்னேன்.

அவர் சிரிச்ச சிரிப்பு மாரிகுப்பம் ஸ்டேஷன் வரைக்கும் கேட்டிருக்கும். "ஆளுக்கு ஒரு பட்டன் அமுக்கிட்டு ஓடுங்கடா."

அந்தோணி அவன் பேருக்கு A அமுக்கினான். ஸ்கிரீன்ல பச்சையா ஒரு A வந்து நின்னுச்சு... அவன் மூஞ்சியைப் பாக்கணுமே! அடுத்து நான், செல்வராஜ். S மேல விரலை வெச்சேன்...

டப்புனு கரண்ட் போச்சு.

நான் தொட்ட பவர்ல ஊரு பூரா கரண்ட் போச்சுன்னு இன்னிக்கும் சொல்லிக்கிட்டிருக்கேன். ஆனா அதுக்கப்புறம் அந்த ரூமுக்குள்ள போக வாய்க்கல. எட்டாவதோட படிப்பும் நின்னுச்சு. "உன் S வந்துச்சாடா மாமே?"ன்னு அந்தோணி இப்பவும் போன் போட்டு ஓட்டுவான்.

இப்போ என் பையன் குடுத்த லேப்டாப் வீட்டுல இருக்கு. நாள் பூரா S அமுக்கலாம்... கேக்க ஆளில்ல.

பக்கத்து வீட்டு திவ்யா ஏழாவது படிக்கிறா. அவ ஸ்கூல்ல கம்ப்யூட்டர் பீரோவுக்குள்ள பூட்டிக் கெடக்குதாம். வீட்டுல இருக்குற ஒரே போனும் காலை ட்ரெயின்ல அவங்கப்பாவோட பெங்களூருக்கு வேலைக்குப் போயிடும். அதனால ஹோம்வொர்க் எங்க வீட்டுலதான்.

நேத்து செருப்பை வெளிய விட்டுட்டு, காலை மிதியடியில தேய்ச்சுக்கிட்டே நிக்கிறா. "அங்கிள்... காலெல்லாம் மண்ணு..."

"அப்படியே உள்ள வாம்மா. கால் தூசியால எந்தக் கம்ப்யூட்டரும் சாவாது... ஏசியில ஒத்தக்கால்ல நின்னு டெஸ்ட் பண்ணவன் சொல்றேன்!"