டெலியோ அண்ணன் ஜப்பானில் இறங்கிய காலை

பிலிப்பைன்ஸில், லிப்பா ஊரில் எங்கள் பேக்கரிக்கு அடுத்த கடை டெலியோ அண்ணனுடையது. ஜப்பான்காரர்கள் வேண்டாமென்று கழித்துக்கட்டிய சாமான்களைக் கண்டெய்னரில் வரவழைத்து விற்பார். கால் ஆடுகிற நாற்காலியைக்கூட, "இது ஞாயித்துக்கிழமை மட்டும் ஒக்கார்றது, ஜப்பான்ல எல்லா வீட்லயும் இருக்கும்" என்று தலையில் கட்டிவிடுவார். பதினைந்து வருடமாக ஊர் அவரைக் கேட்டுத்தான் ஜப்பானைத் தெரிந்துகொண்டது. மனிதர் அந்த நாட்டு மண்ணை மிதித்ததே இல்லை என்பது வேறு விஷயம்.

மலிவு டிக்கெட் கிடைத்ததும் அவரும், மருந்துக்கடை ரோவினாவும், நானும் கிளம்பினோம். "வழிகாட்டி எதுக்கு? நான் இருக்கேன்ல!" என்றார் அண்ணன்.

ரோவினா என் காதைக் கடித்தாள். "இந்தவாட்டி அண்ணன் சாயம் வெளுக்கும் பாருடி. அப்புறம் அவர் பேச்ச எவன் நம்புவான்?"

அந்தப் பயம் அவருக்கும் இருந்தது. விமானத்தில் பொட்டுத் தூக்கம் இல்லை, பாவம்.

முதல் ரயிலைப் பிடித்து, காலை ஏழரைக்கு ஒசாகாவில் எங்கள் விடுதித் தெருவில் பெட்டிகளை உருட்டிக்கொண்டு நடந்தோம். அறை மூன்று மணிக்குத்தான் கிடைக்கும். காசு கம்மி என்றால் அப்படித்தான். அண்ணன் தன் கடைச் சரக்கிலேயே உசத்தியான ஜாக்கெட்டை மாட்டியிருந்தார். கண்ணைப் பறிக்கிற மஞ்சள், முதுகில் பெரிசாக நாலு எழுத்து.

"பெரிய பரம்பரையோட முத்திரை. இதப் போட்டவனுக்கு இங்க எல்லாரும் வணக்கம் வைப்பாங்க."

வைத்தார்கள்! முக்குத் திரும்பியதும் இரண்டு பள்ளிப் பிள்ளைகள் அவரைப் பார்த்துக் குனிந்து வணங்கின. அண்ணனுக்குத் தலைகால் புரியவில்லை.

அப்போது எதிர்ப்பக்கமிருந்து எழுபது வயது அம்மா ஒருவர் ஓடி வந்தார். அதே மஞ்சள் ஜாக்கெட், அதே நாலு எழுத்து. மூச்சுவிடாமல் ஏதோ சொன்னார்.

"ஹை" என்றார் அண்ணன். ஜப்பானில் அதற்கு 'ஆமாம்' என்று பொருள். அவர் கைவசம் இருந்த சொல்லும் அது ஒன்றுதான். அந்த அம்மா அவர் கையில் மஞ்சள் கொடி ஒன்றைத் திணித்துச் சாலையோரத்தைக் காட்டினார்.

"என்னண்ணே சொல்றாங்க?" என்றேன்.

"மரியாதை பண்றாங்க, வேறென்ன."

ரோவினா போனை அவர் முதுகுக்கு நேரே பிடித்தாள். போன் மொழிபெயர்த்துக் காட்டியது: பள்ளிப் பிள்ளைகளுக்குச் சாலைக் காவல். அவள் பெட்டிமேலேயே உட்கார்ந்து சிரித்தாள். "நல்ல பரம்பரைடி!"

என்ன செய்வார்? மாட்டிக்கொண்டாயிற்று. முக்கால் மணி நேரம் நின்றார். கொடி நீட்டினால் லாரி நின்றது, பிள்ளைகள் வரிசையாகக் கடந்தன. எங்களுக்கோ வயிறு கூப்பாடு போட்டது.

"அண்ணே, பசி உயிர் போகுது. ஒருவாட்டி இல்லன்னு சொல்லித் தொலையேன்!" என்று கத்தினாள் ரோவினா.

"சும்மா இரு, பிள்ளைங்க வருது!" என்று அதட்டினார்.

ஊரில் ஜீப்னி வண்டி வருகிறதா என்றுகூடப் பார்க்காமல் சாலையில் இறங்குகிற மனிதர் இவர்!

பள்ளி மணி அடித்தது. அந்த அம்மா வந்து ஏதோ கேட்டார். இவர் வழக்கம்போல "ஹை" என்றார். ரோவினாவின் போன் சொன்னது: "நாளைக்கும் வருவீங்களா?"

"போச்சு! நாளைக்கு நாராவுக்கு மான் பாக்கப் போறோம்ல!" என்றாள் ரோவினா.

அண்ணன் முகம் வெளிறியது. எனக்கு நிஜமாகவே மனசு கஷ்டமாகிவிட்டது. இன்னொரு பொய் சொல்லித் தப்பிப்பார் என்றுதான் நினைத்தேன். அவர் போனை வாங்கி வாயருகே வைத்துக்கொண்டார்.

"அம்மா, எனக்கு உங்க மொழி ஒரு எழுத்துகூடத் தெரியாது. இந்த ஊருக்கு வந்து ரெண்டு மணி நேரந்தான் ஆகுது. இந்தச் சட்டை என் கடையில விக்க வெச்சிருந்தது. பதினஞ்சு வருஷமா எங்கூர்ல வாய்க்கு வந்தத அளந்துட்டிருக்கேன். மன்னிச்சிருங்க."

ரோவினா பெட்டிமேலிருந்து எழுந்து நின்றாள்.

அந்த அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரையை இரண்டு தடவை படித்தார். பிறகு அவரும் போனிடம் பேசினார்.

"அது எனக்கு அப்பவே தெரியும். எதச் சொன்னாலும் ஆமா ஆமான்னீங்களே! என்கூட நிக்கிறவருக்கு மூட்டுவலி, ரெண்டு மாசமா ஆள் இல்ல. கொடி பிடிக்கப் பேச்சு எதுக்கு? நாளைக்கு ஏழரைக்கு வந்துருங்க."

அண்ணன் மூக்கை உறிஞ்சினார். கொடியைச் சுருட்டி அக்குளில் வைத்துக்கொண்டு எங்கள் பக்கம் திரும்பினார்.

"நீங்க ரெண்டு பேரும் மான் பாத்துட்டு வாங்க" என்றார்.