குருபரப்பள்ளியில் நிற்காத வண்டி

2006 செப்டம்பர் 30, சனிக்கிழமை, காலை ஏழு மணி நாற்பது நிமிடம். ஓசூரில் நூல் போன்ற தூறல். எதிர்வீட்டு மாடித் தண்ணீர்த் தொட்டி பனியில் பாதி கரைந்து பாதி தெரிந்தது. எங்கள் வாசலில் என் மோட்டார் சைக்கிளின் முன்சக்கரம் கழற்றப்பட்டு இரண்டு செங்கற்களின் மேல் கிடந்தது. அதன் பக்கத்தில் பிளாஸ்டிக் முக்காலி போட்டு, தலையில் துண்டைப் போர்த்திக்கொண்டு அக்கா உட்கார்ந்திருந்தார்.

அக்காவின் முதலாண்டு நினைவு நாளில் இந்த மலரைக் கையில் வாங்கும் உறவினர்களும் நண்பர்களும், பிறந்த ஊரைச் சொல்லாமல் ஒரு வண்டிச் சக்கரத்தைச் சொல்லித் தொடங்குகிறானே என்று வருந்த வேண்டாம். கண்ணை மூடினால் எனக்கு முதலில் வருவது அந்தத் தூறலும் அந்தச் சக்கரமும்தான். மற்றவற்றையும் வரிசைப்படி சொல்லிவிடுகிறேன்.

அக்கா பிறந்தது முசிறிக்குப் பக்கத்தில், காவிரிக் கரையில். நாங்கள் நான்கு பேர். அக்கா மூத்தவர், நான் கடைசி. எங்களுக்கு நடுவே ஏழு ஆண்டுகள், இரண்டு சகோதரர்கள். பத்தொன்பதாம் வயதில் காவேரிப்பட்டினத்துக்கு வாழ்க்கைப்பட்டார். மாமா மாங்காய் வியாபாரி. அந்த வீட்டில் மாமாவின் மூத்த சகோதரியும் இருந்தார். கணவரை இழந்து தாய்வீடு திரும்பியவர். அக்கா அவரை ‘அண்ணி’ என்றுதான் கூப்பிடுவார். அக்காவுக்கு அவர் நாத்தனார் மட்டுமல்ல, பேச்சுத்துணை, படுக்கைத்துணை, சண்டைத்துணை எல்லாமும். அக்காவுக்குக் குழந்தை இல்லை. அதற்காக அந்த வீட்டில் ஒரு சொல் எழுந்தால், எழுப்பியவரை நாத்தனார் அன்று சாப்பிட விடமாட்டாராம்.

அக்காவின் முப்பத்து நான்காம் வயதில் மாமா காலமானார். பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் அக்காவை அழைத்துவர நான் போனேன். எனக்கு இருபத்தேழு வயது, அப்போதே பிழைப்பு ஓசூரில். சீராகக் கொடுத்த பாத்திரங்களின் பட்டியலைச் சட்டைப்பையில் வைத்திருந்தேன். கூடத்தில் இருந்த அத்தனை பேர் முன்னிலையிலும் பாத்திரங்களைப் பரப்பி எண்ணினேன். நாற்பத்து மூன்று இருக்க வேண்டும், நாற்பத்திரண்டு இருந்தன. ஒரு பித்தளைச் சொம்பு இல்லை. நாத்தனாரைப் பார்த்து, “அந்தச் சொம்பு எங்க போச்சு? காலு மொளைச்சு நடந்துச்சா?” என்று கேட்டேன். அவர் எழுந்து உள்ளே போய்விட்டார்.

ஓசூருக்கு வண்டியில் வரும்போது கிருஷ்ணகிரி தாண்டித்தான் அக்கா வாய் திறந்தார். “அந்தச் சொம்ப நாந்தான்டா அண்ணிக்குக் குடுத்தேன். தண்ணி மோந்து குடிக்க.”

நான் திரும்பிப் போகவில்லை. அடுத்த வாரம் போகலாம் என்று இருந்தேன். அந்த அடுத்த வாரம் முப்பத்தைந்து ஆண்டுகள் நீண்டது.

பிறகு ஓசூரில் தொழிற்சாலைகள் வந்தன. ஒன்றில் டைம் ஆபீஸ் வேலை எனக்குக் கிடைத்தது. யார் எத்தனை மணிக்கு உள்ளே வந்தார், எத்தனை மணிக்கு வெளியே போனார் என்று இருபத்தாறு ஆண்டுகள் எண்ணினேன். என் மனைவியும் வேலைக்குப் போனதால் எங்கள் பிள்ளைகள் இருவரும் அக்காவின் கையில்தான் வளர்ந்தார்கள். அவர்கள் பள்ளிக்குப் போகத் தொடங்கியபின் அக்கா ஒரு ரோஜாப் பண்ணையில் பூக்கட்டும் வேலைக்குச் சேர்ந்தார். கட்டுக்கு இருபது பூ. பார்க்காமல், பேசிக்கொண்டே, விரலாலேயே இருபதைப் பிடித்துவிடுவார். நான் இரண்டு முறை எண்ணிப் பார்த்திருக்கிறேன். இரண்டு முறையும் இருபதுதான். தெருவில் கன்னடக்காரர்கள், தெலுங்குக்காரர்கள், மதுரைக்காரர்கள் எல்லோரிடமும் அக்கா தன் முசிறித் தமிழிலேயே பேசுவார். எல்லோரும் தத்தம் மொழியில் பதில் சொல்லிவிட்டுப் போவார்கள்.

அக்காவுக்குப் பேருந்து ஒத்துக்கொள்ளாது. ஏறிய பத்தாவது நிமிடம் வாந்தி. 1997இல் நான் மோட்டார் சைக்கிள் வாங்கிய அன்று, சாவிக்குப் பொட்டு வைத்துக்கொண்டே, “இனி அண்ணியப் பாக்கப் போலாமாடா?” என்று கேட்டார்.

“பிரேக் கொஞ்சம் சரியில்லக்கா. பாத்துட்டுப் போலாம்.”

புது வண்டி. பிரேக் நன்றாகவே இருந்தது. அந்த அம்மாளின் முகத்தில் விழிக்க எனக்குத்தான் தைரியம் இல்லை. ஆண்டுக்கு இரண்டு முறையாவது அக்கா கேட்பார். அதே பதிலைச் சொல்வேன். இப்படி ஒன்பது ஆண்டுகள். வண்டியும் பழசாகிவிட்டது. நாத்தனாருக்கு உடம்புக்கு முடியவில்லை என்று 2006 ஆவணியில் யாரோ வந்து சொன்னார்கள். அக்கா என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. நேராகத் தெருமுனைக்கு நடந்து போய், மெக்கானிக் நாகராஜை அழைத்து வந்துவிட்டார்.

அதுதான் நான் முதலில் சொன்ன சனிக்கிழமை.

“தம்பி ஒம்பது வருசமா பிரேக் சரியில்லங்கறான். என்னன்னு பாருப்பா” என்றார் அக்கா.

நாகராஜ் வீட்டில் தெலுங்கு, கடையில் கன்னடம், எங்களிடம் தமிழ். முன்சக்கரத்தைக் கழற்றி, அதோடு சுற்றும் இரும்புத் தட்டை, அதாவது பிரேக் டிஸ்க்கை, அளந்தார். மூன்றரை மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது என்று அதிலேயே பொறித்திருக்கிறது. இரண்டு புள்ளி எட்டுதான் இருந்தது. விளிம்பில் மேடு, நடுவில் பள்ளம், மேலே வட்டவட்டமாகக் கோடுகள்.

“டிஸ்கா சார் இது? அப்பளம் சார். இன்னும் கொஞ்சம் விட்டா பொரிச்சே சாப்பிட்டுடலாம்.”

எனக்கு அதிர்ச்சிதான். நான் சொல்லிச் சொல்லியே அந்த பிரேக் கெட்டுப்போனது போலத் தோன்றியது.

ஐந்து போல்ட்டுகள். மூன்று வந்தன, இரண்டு வரவில்லை. சூடு காட்டி, தட்டி, கெட்ட வார்த்தையை அக்காவுக்காகப் பாதியில் விழுங்கி, அவற்றையும் எடுத்தார். புது டிஸ்க் வெள்ளித் தாம்பாளம் போல் இருந்தது. அதைத் துடைத்து வைத்து, போல்ட்டுகளை வட்டமாக வரிசையில் முடுக்காமல், ஒன்று விட்டு ஒன்றாக, எதிரெதிராக முடுக்கினார். ஏன் என்று கேட்டேன்.

“ஒரே பக்கமா இழுத்தா கோணிக்கும் சார். மனுசங்க மாதிரிதான்.”

டிஸ்க்கை இருபுறமும் கவ்விப் பிடிக்கும் பேடுகளையும் புதிதாகப் போட்டார். பழைய பேடுகளை எறியப் போனவரைத் தடுத்து, தினத்தாளில் சுற்றி, வண்டியின் டூல்ஸ் பெட்டியில் வைத்துக்கொண்டேன். எதையும் எறிகிற பழக்கம் எனக்கு இல்லை.

“புதுசு, மொதல்ல சரியாப் பிடிக்காது. மெதுமெதுவாப் பிடிச்சுப் பழக்குங்க. அப்பறம் எவ்ளோ தூரம் வேணாலும் போலாம், பயமே இல்ல” என்றார் நாகராஜ். அக்கா என்னைப் பார்த்தார். நான் செங்கற்களை எடுத்து ஓரமாக வைத்தேன்.

மறுநாள் ஆயுத பூஜை. அதற்கு அடுத்த நாள், திங்கட்கிழமை, விஜயதசமியும் காந்தி ஜெயந்தியும் சேர்ந்து வந்தன. காலை ஆறு பத்துக்குக் கிளம்பினோம். அன்றும் தூறல். சாலையெங்கும் முந்தின நாள் உடைத்த பூசணிக்காய்கள், குங்குமம் பூசிய சிவந்த சதையோடு கிடந்தன. சக்கரம் ஏறினால் வழுக்கும் என்று ஒவ்வொன்றையும் சுற்றி ஓட்டினேன். சூளகிரி வரை முப்பத்தொன்று. கம்பெனி பஸ்கள், லாரிகள் எல்லாம் முகப்பில் வாழைக்கன்று கட்டிக்கொண்டு, கல்யாண வீடுகள் ஊர்வலம் போவது போல் பனிக்குள்ளிருந்து வந்து பனிக்குள் போயின. முன் பிரேக் அவ்வளவாகப் பிடிக்கவில்லை. நாகராஜ் சொன்னதுதானே என்று இருந்தேன். மேலுமலை இறக்கத்தை இரண்டாம் கியரிலேயே ஊர்ந்து கடந்தேன்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். என் மனம் காவேரிப்பட்டினம் போகவில்லை. குருபரப்பள்ளியில் ஒரு டீக்கடையில் நிறுத்தி, மழை வலுக்கிறது, புது டிஸ்க் இன்னும் பழகவில்லை, இன்னொரு நாள் போகலாம் என்று சொல்லித் திரும்பிவிடுவதாக முடிவு செய்திருந்தேன். சொல்ல வேண்டிய வார்த்தைகளைக்கூட அடுக்கி வைத்திருந்தேன்.

டீக்கடை வந்தது. கிளட்சைப் பிடித்தேன். முன் பிரேக்கைப் பிடித்தேன். வண்டி நிற்கவில்லை.

வேகம் ஒன்றும் இல்லை, லேசான சரிவு. சத்தமே இல்லாமல் வண்டி நழுவிப் போய்க்கொண்டிருந்தது. டீக்கடையின் நீல விளக்கு பக்கத்தில் வந்து, பின்னால் போயிற்று. பாய்லர் ஆவி முகத்தில் பட்டுப் போயிற்று. ஒரு மாந்தோப்பு, மரம் மரமாகப் பனியிலிருந்து பிரிந்து வந்து, எங்களைப் பார்த்துவிட்டு மறுபடி பனியோடு சேர்ந்துகொண்டது. பின் பிரேக் காலடியில்தான் இருந்தது. கால் ஏனோ போகவில்லை. தூக்கத்தில் நடப்பவனை யாரும் எழுப்பாமல் விட்டதுபோல் இருந்தது. அக்காவின் கை என் தோளில் இருந்தது. ஒன்பது மின்கம்பங்கள் கடந்தோம்.

“நிக்காமயே போறியே. நல்லதுடா” என்றார் அக்கா பின்னாலிருந்து.

அப்போதுதான் கால் விழித்துக்கொண்டது. பின் பிரேக்கை மிதித்தேன். ஒரு பஞ்சர் கடைக்கு முன்னால் போய் நின்றோம். குனிந்து டிஸ்க்கைத் தொட்டு விரலை மோந்து பார்த்தேன். தேங்காய் எண்ணெய்.

“அக்கா!”

“என்னடா?”

“இதுல எண்ணெய் வச்சீங்களா?”

“ஆயுத பூசையாச்சே. புதுசா வந்ததுக்கு வைக்காம வுட்டா நல்லாவா இருக்கும்? அருவாமணைக்கும் வச்சேன், தையல் மெசினுக்கும் வச்சேன். இதுக்கு ரெண்டு பக்கமும் நல்லா தேச்சு, பொட்டும் வச்சேன்.”

பஞ்சர் கடைக்காரர் சிரித்த சிரிப்பில் டியூப் முக்கிய தொட்டித் தண்ணீர் ஆடியது. “நல்லவேள சாமி, அம்மா சீயக்கா போட்டு முழுக்காட்டல!”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அறுபத்தொன்பது வயது அக்காவைப் பின்னால் வைத்துக்கொண்டு, பிரேக் இல்லாமல் நாற்பது கிலோமீட்டர் வந்திருக்கிறேன். திரும்பிவிடலாம் என்று சொல்ல வாய் எடுத்தேன். ஒன்பது ஆண்டுகள் பொய்யாகச் சொன்னதை, மெய்யான அன்று எப்படிச் சொல்வது?

அக்காவே சொன்னார். துண்டைப் பிழிந்து மறுபடி போர்த்திக்கொண்டு, என்னைப் பார்க்காமல், சாலையைப் பார்த்தபடி சொன்னார்.

“பிரேக் நல்லா இருந்த காலத்துல எல்லாம் சரியில்லன்னே. எனக்குத் தெரியாமயாடா? நீயா வருவேன்னு இருந்தேன். இன்னிக்கி நெசமாவே சரியில்ல. இன்னிக்கிப் போலாம் வா.”

பஞ்சர் கடைக்காரர் பெயிண்ட் தின்னரில் துணியை நனைத்து டிஸ்க்கை நான்கு முறை துடைத்தார். எண்ணெய் குடித்த புதுப் பேடுகள் இனி உதவாது என்றார். டூல்ஸ் பெட்டியிலிருந்து தினத்தாள் பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தேன். பழைய பேடுகளில் இன்னும் கொஞ்சம் சதை இருந்தது. உப்புத்தாளில் தேய்த்து அவற்றையே மாட்டினார். வண்டியைத் தள்ளி, பிடித்துப் பார்த்தேன். நின்றது. பத்து முறை பார்த்தேன். பத்து முறையும் நின்றது. சொல்வதற்கு என்னிடம் ஒன்றும் மிச்சமில்லை. மூன்று பேரும் டீ குடித்தோம். ஏறினோம்.

காவேரிப்பட்டினத்து வீட்டில் நாத்தனார் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். உடம்பு பாதியாகிவிட்டது, குரல் மட்டும் அப்படியே இருந்தது. அக்காவை இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, வாசலிலேயே நின்ற என்னைக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

“யாரு, கணக்குப்பிள்ளையா? வாங்க. உள்ள வரதுக்கு முந்தி எல்லாத்தயும் ஒருதரம் எண்ணிக்குங்க. அப்பறம் போறப்ப ஒண்ணு கொறையுதும்பீங்க.”

அக்கா சிரித்தார். வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க, கண்ணில் நீர் வரும் வரை சிரித்தார். முப்பத்தைந்து ஆண்டுகளில் அக்கா அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

“தப்புதாங்க. மன்னிச்சுக்கணும்” என்றேன்.

“அந்தச் சொம்பு எப்பவோ ஓட்டையாயிப் போச்சு. பாத்திரக்காரன்கிட்டப் போட்டு ரெண்டு தட்டு வாங்கினேன். அதுக்காடா ரெண்டு பேரும் இத்தன வருசம் வராம இருந்தீங்க? ஒக்காரு, சாப்புடு.”

‘வாங்க’ என்றவர் ‘ஒக்காரு’ என்று சொன்னதும் உட்கார்ந்தேன். மதியம் இருவரும் ஒரே கட்டிலில், சின்னப் பெண்களைப் போல் தலையை ஒட்டிவைத்துக்கொண்டு பேசிக்கொண்டிருந்தார்கள். பேச்சு மெல்ல மெல்லக் குறைந்து மழைச் சத்தமாயிற்று. இருவரும் தூங்கிவிட்டார்கள். நான் ஓட்டிலிருந்து சொட்டும் நீரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். எண்ணத் தொடங்கி, எந்த எண்ணில் விட்டேன் என்று தெரியாமல் நானும் தூங்கிப்போனேன்.

அதன் பிறகு பதினான்கு முறை அக்காவைக் காவேரிப்பட்டினம் அழைத்துச் சென்றேன். கடைசி நான்கு மாதங்கள் சிறுநீரகம் பழுதாகி அக்கா படுக்கையில் இருந்தார். வலி இருந்தது, முணுமுணுப்பு இல்லை. கடைசிப் பாலை நாத்தனாரே வந்து வார்த்தார். ஓசூரில் தினமும் வந்து ஊசி போட்ட செவிலியர் பெண்ணுக்கும், இரவு பகல் பாராமல் தூக்கி உட்கார வைத்த என் மனைவிக்கும், சோறு கொடுத்தனுப்பிய பக்கத்து வீட்டுக் கன்னட அம்மாவுக்கும், மெக்கானிக் நாகராஜுக்கும், பெயர் கேட்க மறந்துபோன குருபரப்பள்ளி பஞ்சர் கடைக்காரருக்கும், நான் அன்று சொன்னதை மறந்து சோறு போட்ட காவேரிப்பட்டினத்து வீட்டாருக்கும் எங்கள் குடும்பம் கைகூப்புகிறது.

கடைசி வாரத்தில் ஒருநாள், தூக்கமும் விழிப்புமாக இருந்த அக்கா, “அந்த பிரேக்குக்கு மொத்தம் எவ்ளோடா ஆச்சு?” என்று கேட்டார். “ஞாபகம் இல்லக்கா” என்று சொல்லிவிட்டேன். எனக்கா ஞாபகம் இல்லை? சொன்னால், “இவ்ளோதானா?” என்று கேட்டுவிடுவாரோ என்று பயம்.

டிஸ்க், இரண்டு பேடு, நாகராஜின் கூலி, தின்னர், மூன்று டீ எல்லாம் சேர்த்து, ஆயிரத்து ஐந்நூற்று நாற்பது ரூபாய், அக்கா.