அக்காவின் இதயத்துக்கு யூனிகோடு

என் அத்தானுக்குக் கை சும்மா இருக்காது. லிட்டில் இந்தியாவில் கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கும் கடை வைத்திருக்கிறார். எந்தக் கோப்பு கையில் கிடைத்தாலும் திறந்து பார்த்துவிடுவார். பார்க்கட்டும், வேண்டாம் என்று யார் சொன்னது? அதற்காக என் அக்காவின் இதயத்துடிப்பிலுமா கை வைப்பார் ஒரு மனுஷன்?

அக்காவுக்கு அடிக்கடி தலை சுற்றியது. நெஞ்சில் ஒட்டிக்கொள்ளும் சின்னப் பதிவுக் கருவி ஒன்றை மருத்துவர் கொடுத்திருந்தார். அதை ஒட்டியிருந்தபோதுதான் பொங்கோல் ரயில் நிலையத்தில் மயங்கி விழுந்தாள். விழுந்த நேரத்தில் இதயம் என்ன செய்தது என்று அந்தப் பதிவுக்கு மட்டும்தான் தெரியும். கடைக் கணினியில் இறக்கியதும் கருவி தன் நினைவை அழித்துக்கொண்டது. அத்தான் அனுப்பிய கோப்பு திறக்கவில்லை, நாளைக் காலைக்குள் சரியானதை அனுப்புங்கள் என்று கிளினிக்கிலிருந்து போன்.

“நீதான் கம்ப்யூட்டர் ஆளாச்சே, வந்து பாரும்மா” என்றார் அத்தான்.

சாங்கி விமான நிலையத்தில் ஒரு சரக்கு அலுவலகத்தில் எனக்கு வேலை. சரக்கு, எடை, விமானம் என்று கண்ணால் படிக்கக்கூடிய எழுத்துக் கோப்புகளோடுதான் என் பிழைப்பு. என் கணினி நிரல்களுக்கும் அதுதான் சோறு. இதயக் கருவி எழுதுவதோ வெறும் பைட்டுகள், மனிதர் படிப்பதற்கு இல்லை. எழுத்து என்று நினைத்துச் சேமித்தாலே கெட்டுப்போகும். அரை நாள் லீவு போட்டுக் கடைக்கு ஓடினேன். திறந்தால் திரை முழுக்க ஷ, ஜூ, கௌ, ஷ, ஷ!

“அத்தான், இதுல தமிழ் எப்படி வந்துச்சு?”

“தொறந்தேன், கட்டம் கட்டமா இருந்துச்சு. பழைய தமிழ் ஃபான்ட்டுனு நெனச்சு யூனிகோடுக்கு மாத்தி சேவ் பண்ணிட்டேன் லா. நம்ம கடைக்கு வர்றதெல்லாம் அப்படித்தானே இருக்கும்?”

“ஐயோ! இதயம் தமிழ்லயா அத்தான் துடிக்கும்?”

பக்கத்தில் அக்கா பத்திரிகைகளின் மூலைகளில் மஞ்சள் வைத்துக்கொண்டிருந்தாள். “அவரை ஏன்டி திட்டுற? நான் நல்லாத்தானே இருக்கேன்.”

“நீ சும்மா இரு அக்கா!”

திருப்பி மாற்றிப் பார்த்தேன். வெவ்வேறு பைட்டுகள் எல்லாம் ஒரே ‘ஷ’ ஆகிவிட்டிருந்தன. எது எதுவாக இருந்தது என்று சாமியே இறங்கி வந்தாலும் சொல்ல முடியாது.

அப்போது பார்த்து ஒரு வாடிக்கையாளர் வந்தார். பத்திரிகையை மூன்று முறை திருத்தியாகிவிட்டதாம், முதலில் போட்டதே நன்றாக இருந்ததாம். அத்தான் அசரவில்லை. “இருக்கு சார். கடைக்கு வர்ற ஃபைலை ஒரு காப்பி எடுத்து வச்சுட்டுத்தான் தொடுவேன்” என்று ‘அசல்’ என்ற ஃபோல்டரைத் திறந்தார்.

“அத்தான்! அக்கா ஃபைலும் அதுல இருக்கா?”

“இருக்குமே. அதுவும் இந்த கம்ப்யூட்டருக்கு வந்ததுதானே?”

“வாயில கொழுக்கட்டையா வச்சிருந்தீங்க? இதை அப்பவே சொல்றதுக்கென்ன?”

“நீ எங்கம்மா கேட்ட? வந்ததுலேர்ந்து கத்திக்கிட்டே இருக்க.”

முதல் வேலையாக அசலைக் கிளினிக்குக்கு அனுப்பினேன். ஆனாலும் மனசு கேட்கவில்லை. கருவியின் விளக்கக் குறிப்பைப் பார்த்து, பைட்டுகளை இரண்டிரண்டாகச் சேர்த்து எண்ணாக்கி, எண்களை எழுத்துக் கோப்பாக்கினேன். அதற்குப் பிறகுதான் என் நிரல் வாயைத் திறந்தது. திரையில் துடிப்புகள் வரிசையாக ஏறி இறங்கின. பொங்கோலில் விழுந்த நேரத்துக்கு நகர்த்தினேன். அங்கே ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. ஒரு நேர்கோடு நீளமாகப் போய், பிறகு மறுபடி துடித்தது.

அத்தான் என் தோளுக்குப் பின்னால் நின்றிருந்தார்.

“இதுவும் ஃபான்ட் பிரச்சினைதானேம்மா?”

“இல்ல அத்தான். ஃபைல் சரியாத்தான் இருக்கு.”

அவர் போய் அக்காவின் கையிலிருந்த மஞ்சள் கிண்ணத்தை வாங்கிக் கீழே வைத்தார்.

“என்னங்க, இன்னும் பாதி கிடக்கு” என்றாள் அக்கா.