பின் சக்கரத்துச் சிவப்பு மூடி

இதை எழுதவே வேண்டாம் என்றுதான் இருந்தேன். பத்தாவதையே தாண்டாதவன் எழுதினால் எவன் படிப்பான்? ஆனால் பழைய கார் விற்கிற அந்த மாதவரம் புரோக்கர் நேற்று வழியில் என்னைப் பார்த்து ஒரு சிரிப்பு சிரித்தான். அதற்குப் பிறகு சும்மா இருக்க முடியவில்லை.

எனக்கும் என் தோஸ்துக்கும் எண்ணூர் துறைமுகத்தில் ஒரே வேலை. வெளிநாடு போகிற புது கார்களை யார்டிலிருந்து ஓட்டிப்போய்க் கப்பலுக்குள் நிறுத்த வேண்டும். சீட்டின் பிளாஸ்டிக் உறை கசங்கக்கூடாது. சைக்கிள்காரன் முந்துகிற வேகம்தான். அதில் வேகத்துக்குப் பேர்போன ஒரு டர்போ கார் மேல் அவனுக்குப் பைத்தியம். அது வரிசையில் வந்தால் வேறு யாரையும் தொட விடமாட்டான்.

"கட்டிக்கோடா அத்த, நான் மோளம் அட்சிக்கிறேன்" என்று கலாய்ப்பேன்.

பாவி, கட்டியே விட்டான். அப்பா விட்டுப்போன ஃபைபர் படகை விற்று, அதே காரை மாதவரத்தில் பழசாக வாங்கிவந்தான். என்னைக் கூப்பிடவே இல்லை. ராயபுரம் சர்ச்சில் ஃபாதர் காரை மந்திரித்து, தீர்த்தம் தெளித்தார். அடுத்த நாள் எண்ணூர் சாலையில் என்னை ஏற்றிக்கொண்டு ஆக்சிலேட்டரை முழுசாக மிதித்தான். கார் முனகியது. பின்னால் வந்த பால் வண்டி ஹாரன் அடித்துவிட்டு எங்களைத் தாண்டிப் போனது.

ஓரம் கட்டச் சொல்லி இறங்கினேன். அசல் டர்போவுக்குப் பின் சக்கரத்திலும் டிஸ்க் பிரேக் உண்டு, சிவப்பாகத் தெரியும். இதிலும் சிவப்பு தெரிந்தது. விரலை விட்டு இழுத்தேன், கையோடு வந்துவிட்டது. வெறும் பிளாஸ்டிக் மூடி! உள்ளே சாதா டிரம் பிரேக். இரண்டு சைலன்சர் குழாயில் ஒன்றுக்கு ஓட்டையே இல்லை. சாதா காருக்கு வேஷம் கட்டியிருக்கிறான்கள்.

நேராகப் புரோக்கரிடம் போனோம். மூடியை அவன் மேஜையில் எறிந்தேன்.

"இன்னாய்யா இது? டுபாக்கூர் வண்டிய தலைல கட்டிக்கீறே!"

அவன் டீயைக்கூடக் கீழே வைக்கவில்லை. "இன்னா நைனா, சவுண்டு வுட்றே? உன் தோஸ்துதான் இந்த கேட்டுக்குள்ளயே ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்தான். 'இதான், எனக்குத் தெரியாதா'ன்னு ஸ்டியரிங்குக்கு முத்தம் குட்த்தான். நான் வாயே தொறக்கல."

மேஜையைத் தாண்டப் போனேன். தோஸ்து என் சட்டையைப் பிடித்து வெளியே இழுத்துவந்து காரில் தள்ளினான். அங்கே என் கோபம் அவன் மேலேயே திரும்பியது.

"தெனிக்கும் அசலத்தானேடா ஓட்டிக்கினுகீறே? பொம்ம வண்டி எதுன்னு தெர்லியா உனக்கு? உங்கப்பா படகுடா அது! பூட்ச்சேடா!"

அவன் கியரை இரண்டாவதில் தள்ளிவிட்டு என் பக்கம் திரும்பினான்.

"கப்பல்ல ஏத்தசொல்லோ ரெண்டாவது கியர என்னிக்காவது தாண்டிக்கீறோமா மாமு நாம?"