ஆபீசர் வந்தபோது ஒதுங்கி நின்றது

ஆமியில் ஆபீசர் பயிற்சிக்கு என்னை எடுக்கவில்லை. வயது இன்னும் ஒரு தடவைக்குத்தான் இடம் கொடுக்கும். அந்த ஒரு தடவையும் விண்ணப்பம் போட்டுப் பார்ப்பதா, இல்லை சிப்பாயாகச் சேர்ந்துவிடுவதா என்று இந்த மழைக்காலம் முழுக்க யோசித்துக்கொண்டிருந்தேன்.

நான் பெரிய படிப்பாளி இல்லை. உயர்தரப் பரீட்சையில் மூன்று பாடம் எப்படியோ சித்தி. ஆபீசருக்கு விண்ணப்பிக்க அது போதும். சிப்பாய்க்கு அதுகூட வேண்டாம்.

ஏன் எடுக்கவில்லை என்று வீட்டில் கேட்டார்கள். சிங்களம் பத்தவில்லை என்றேன். நம்பிவிட்டார்கள். ஆனால் சிங்களம் எனக்கு நன்றாக வரும். ஹட்டனில் கடையில் நின்ற காலத்தில் பழகியது.

நடந்தது வேறு. தேர்வுக்கு வந்த பையன்களைக் கூட்டமாக மைதானத்துக்கு நடத்திப் போனார்கள். ஒடுக்கமான பாதை. எதிரே ஒரு பெரிய ஆபீசர் வந்தார். மற்றவர்கள் நின்ற இடத்திலேயே விறைத்து நின்றார்கள். நான் பாதையை விட்டுக் கானுக்குள் இறங்கிவிட்டேன். மழைத்தண்ணீர் ஓடுகிற கான். புதுச் சப்பாத்து முங்கிப்போனது. இரண்டு கையையும் கட்டிக்கொண்டு தலையைக் குனிந்து நின்றேன். எங்கள் தேயிலைத் தோட்டத்தில் மேலாளர் துரையின் வாகனம் வந்தால் அப்படித்தான் நிற்போம். யோசித்துச் செய்யவில்லை. கால் தானாக இறங்கியது.

அவர் நின்றார். ஏன் இறங்கினாய் என்று சிங்களத்தில் கேட்டார். தோட்டமா என்று கேட்டார்.

"ஆமாங்க தொரை" என்றேன்.

சேர் என்று வந்திருக்க வேண்டும். சிங்களத்தில் வந்திருக்க வேண்டும். பின்னால் பையன்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. மேலே ஏறு என்று கையைக் காட்டிவிட்டுப் போனார். அவரும் சிரித்திருந்தால் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

பிறகு நேர்முகப் பரீட்சை. நடு நாற்காலியில் அவர்தான் இருந்தார். முப்பது பேரை நடத்திப் போக உன்னால் முடியுமா என்று கேட்டார்கள். முடியும் என்று சொல்லத்தான் அவ்வளவு தூரம் போயிருந்தேன். ஈரச் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்தில், நான் தேர்வுக்குப் போகும் முன்பே எனக்குப் பேர் வைத்துவிட்டார்கள். பீலியில் தண்ணீர் பிடிக்கப் போனால் மாமன் மகன் சத்தம் போடுவான்.

"ஆமித் தொரை வாறாரு! வாளிய நகட்டுங்கடி, சலாம் போடுங்கடா!"

தோற்றது தெரிந்த பிறகும் விடவில்லை. ஒரு நாள் மட்டும் மெதுவாகச் சொன்னான்.

"மச்சான், சிப்பாயாப் போயிரு. சம்பளம் மாசாமாசம் வந்துரும். எவனும் ஒன்னய நிப்பாட்டிக் கேள்வி கேக்க மாட்டான்."

கடைசியாகச் சொன்னதுதான் எனக்குப் பிடித்தது. சிப்பாய் வேலை கேவலம் என்று நான் நினைக்கவில்லை. எனக்கு அது பிடித்த காரணம்தான் கேவலம். அந்த நாற்காலிகளுக்கு முன்னால் மறுபடி போய் உட்கார வேண்டாம் என்பதற்காகவே சிப்பாயாகப் போகப் பார்த்தேன்.

சிப்பாயாகப் போகிறேன் என்று அப்பாவிடம் சொன்னேன். அப்பா தேயிலைக்குக் கவ்வாத்து வெட்டுகிறவர். வேலை விட்டு வந்து, காலில் அட்டை கடித்த இடங்களைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"சிங்களந்தானே? இன்னொரு வருசம் படிச்சா வந்துரும்ல?" என்றார்.

"சிங்களம் இல்லப்பா."

வாய் தவறிவிட்டது. பிறகு எல்லாவற்றையும் சொல்ல வேண்டி வந்தது. கான், கை கட்டியது, தொரை என்றது.

அம்மா அடுப்படியில் இருந்து சிரித்தார். "மரியாத தெரிஞ்ச புள்ளன்னு நெனச்சிருப்பாங்க, போடா."

அப்பா சிரிக்கவில்லை. கழுவின காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சின்னதுல நாந்தான் ஒன்னய இழுத்து எறக்கி நிப்பாட்டுவேன்" என்றார். "கார் அடிச்சிரும்னு பயந்துக்குவ நீ. அது போனப்பறமும் என் கைய விட மாட்ட."

சோற்றில் பாதியை வைத்துவிட்டு எழுந்தார். என் வெட்கத்தை அவர் தலையில் இறக்கி வைத்துவிட்டேன். அது இல்லாமலே அவருக்குச் சுமை இருந்தது.

இனி நான் சிப்பாயாகப் போனால், தன்னால்தான் மகன் இப்படி என்று சாகும்வரை நினைப்பார். மறுநாள் டிக்கோயாவுக்கு நடந்து போய், ஆபீசர் பயிற்சிக்கே மறுபடி விண்ணப்பம் அனுப்பினேன்.

பயலுக்கு நெஞ்சழுத்தம் பார் என்று லயத்தில் பேசிக்கொள்கிறார்கள். அப்படி ஒன்றும் இல்லை. அந்த நேர்முக அறைக்குள் நுழையாமல் இருக்க இப்போதும் ஒரு வழி தேடிக்கொண்டுதான் இருக்கிறேன். இதை அப்பாவிடம் சொல்லவில்லை.