கால்வாய்க்கு ஒரு காலை வணக்கம்

வாட்ஸ்அப் குழு அட்மின் வேலைக்குச் சம்பளம் கிடையாது, லீவு கிடையாது, ராஜினாமா செய்தாலும் திரும்பச் சேர்த்துவிடுவார்கள். பல வருஷம் வெளிநாட்டில் இருந்துவிட்டு முடிச்சூரில் வீடு வாங்கி வந்த என் தலையில் இது தானாக வந்து விழுந்தது. எங்கள் தெருக் குழுவின் நோக்கம் ஒன்றுதான்: பின்னால் அடைத்துக் கிடக்கும் கால்வாயை மழைக்கு முன்னால் தூர்வார வைப்பது. சக அட்மின்களே, உங்களுக்குப் புரியும்.

கட்டைவிரல் படை

"ஞாயிறு காலை வார்டு இன்ஜினியர் கால்வாயைப் பார்க்க வருகிறார். கூட்டத்தைப் பார்த்தால்தான் அசைவார். எல்லாரும் வாருங்கள்" என்று செய்தி போட்டேன். கட்டைவிரல்கள் மளமளவென்று உயர்ந்தன. அதை நம்பி, பெரிய பிளாஸ்க் நிறைய டீ வாங்கிப் போனேன்.

வந்தது கோகிலா அக்கா மட்டும். தெருவின் கடைசி வீடு, இருப்பதிலேயே பள்ளத்தில் இருப்பது, அவருடையது. மழை வந்தால் கால்வாய் முதலில் அங்கேதான் நுழையும். அதனால் ஃப்ரிட்ஜைச் செங்கல் மேல் ஏற்றி வைத்திருக்கிறார். எங்கள் இரண்டு பேரைப் பார்த்த இன்ஜினியர், பைக்கை நிறுத்தாமலே தலையாட்டிவிட்டுப் போய்விட்டார். அக்கா சொன்னார்: "இன்னா சார், வெரல அத்தினி பேரு தூக்குனாங்க, கால ஒருத்தரும் தூக்கலியே!"

ரோஜாவுக்கு அடியில்

"அப்படி ஒரு மெசேஜே பாக்கலையே" என்றார் ஹார்டுவேர் கடை கபீர் பாய். அவர் போனை வாங்கித் தள்ளிப் பார்த்தேன். ரோஜாக்கள், சூரியோதயங்கள், நீராவி பறக்கும் காபிக் கோப்பைகள். அத்தனைக்கும் அடியில் என் அறிவிப்பு மூச்சுத் திணறிக்கொண்டிருந்தது. எல்லாம் ஓய்வுபெற்ற பரமசிவம் சாரின் குட் மார்னிங் கைங்கரியம்.

கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாமே என்று பக்குவமாகத்தான் எழுதினேன். மனிதர் குழுவை விட்டே வெளியேறிவிட்டார். அவர் அனுதாபிகள் சிலரும் கூடவே. கபீர் பாய் தலையில் அடித்துக்கொண்டார். "தண்ணியை வெளியேத்தச் சொன்னா ஆளை வெளியேத்திட்டீங்களே சார்!"

தீர்வு காணப்பட்டது

புகார் செயலியில் படத்தோடு பதிவு செய்தேன். சீக்கிரமே பதில் வந்தது: "தீர்வு காணப்பட்டது." கூடவே பளிச்சென்ற ஒரு கால்வாயின் படம், கரையில் தென்னை மரங்கள். எங்கள் கரையில் இருப்பது மின்கம்பங்கள்தான்.

குழுவிலோ ஒரே கைதட்டல், "வாழ்த்துகள் அட்மின் சார்!" கோகிலா அக்கா மட்டும் போன் செய்தார். "அந்தக் கால்வா எங்க கீதுன்னு கேட்டுச் சொல்லு சார், நான் அங்கியே வூடு பாத்துக்கினு பூட்றேன்."

பால்கனிப் புரட்சி

வானம் கறுக்க ஆரம்பித்தது. யோசித்துப் பார்த்தேன்: ஒரு நாள்கூட விடாமல் ஒரு காரியத்தைச் செய்கிறவர் எங்கள் தெருவில் பரமசிவம் சார் ஒருவர்தான். அவரைப் போய் நானே துரத்தியிருக்கிறேன்! வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டு, குழுவில் திரும்பச் சேர்த்தேன். ரோஜாவுக்குப் பதில், பால்கனியிலிருந்து தெரியும் கால்வாயைப் படம் எடுத்து, குழுவுக்கும் இன்ஜினியரின் அலுவலக நம்பருக்கும் அனுப்ப முடியுமா? அவர் போட்ட ஒரே நிபந்தனை: வணக்கம் கட்டாயம் இருக்கும்.

மறுநாள் விடியலில் ஆகாயத்தாமரை, தெர்மோகோல், கிழிந்த மெத்தை. மேலே ரோஸ் நிற எழுத்தில் 'இன்றைய நாள் இனிய நாளாகட்டும்'. கீழே இறங்கி வராத ஜனமெல்லாம் அவரவர் பால்கனியிலிருந்து ஆளுக்கொரு படம் எடுத்து அனுப்ப ஆரம்பித்தது. சில நாளில் இன்ஜினியரே கூப்பிட்டார். "சார், நாளைக்கே பொக்லைன் அனுப்பறேன். கண்ணு முழிச்சா அந்தக் கிழிஞ்ச மெத்தைதான் தெரியுது!"

செங்கல்

பொக்லைன் வந்து மெத்தையையும் சேர்த்து வாரிக்கொண்டு போனது. முதல் பெருமழையன்று தெருவே போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. கோகிலா அக்காவிடமிருந்து குரல் செய்தி, பின்னணியில் தண்ணீர் ஓடும் சத்தம்: "சார், தண்ணி நம்ம வூட்டாண்ட திரும்பிக்கூடப் பாக்காம போய்க்கினே கீது. யாருக்கனா செங்கல்லு வோணுமா?"

கால்வாய் ஓடுகிறது, ஃப்ரிட்ஜ் தரையிறங்கிவிட்டது, குட் மார்னிங் மட்டும்தான் இன்னும் வடியவில்லை.