சித்தி முகத்துப் பரு

முப்பதைத் தாண்டிய பிறகும் எனக்குத் தாடையில் பரு வருகிறது. ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் உட்கார்ந்ததும் மாஸ்க்கைக் கழற்றிவிட்டு அதைத் தடவிப் பார்ப்பேன். கிள்ளுவதற்குக்கூடத் தெம்பு இருக்காது. அப்போதெல்லாம் சித்தி ஞாபகம் வரும்.

சித்தி என் அம்மாவின் தங்கை. நான் சிறுமியாக இருந்தபோது உத்தனப்பள்ளியிலிருந்து வேலைக்கு வந்து, மூக்கண்டப்பள்ளியில் எங்கள் லைன் வீட்டிலேயே தங்கியிருந்தாள். சின்னச் சின்ன மின்சாரப் பாகங்களைப் பொருத்தும் கம்பெனி. தலையில் தொப்பி, மூக்கையும் வாயையும் மூடி மாஸ்க். கண் மட்டும் வெளியே தெரிய ஷிஃப்ட் முழுக்க நிற்க வேண்டும். வாரா வாரம் ஷிஃப்ட் மாறும். அவளுக்குக் கன்னம் இரண்டும் பருவாகப் பழுத்துக் கிடந்தது.

அதற்குக் காரணம் சொல்லாத ஆள் எங்கள் லைனில் இல்லை. உடம்புச் சூடு என்றாள் அம்மா. வேர்க்கடலை என்றார் அப்பா. பக்கத்து வீட்டுக் கன்னடக்கார அத்தை, கோழிக்கறிதான் என்று இரண்டு பாஷையிலும் சொன்னார். கல்யாணம் ஆனால் தானாகப் போய்விடும் என்பதில் மட்டும் எல்லோருக்கும் ஒரே கருத்து. பரு போனால்தான் கல்யாணம் ஆகும் என்பதும் அவர்களுக்கே தெரிந்திருந்தது. வேப்பிலை அரைத்தார்கள், எலுமிச்சை பிழிந்தார்கள், பல் தேய்க்கும் பேஸ்ட்டைத் தடவினார்கள். வேலையிலிருந்து வந்து நின்றபடியே தூங்கும் சித்தி, யார் எதைக் கொண்டுவந்தாலும் முகத்தைக் காட்டினாள். வேண்டாம் என்று சொல்வதற்கும் தெம்பு வேண்டுமே.

கம்பெனிப் பெண்கள் ஒருத்தியைப் பார்த்து ஒருத்தி பூசிக்கொண்ட க்ரீம் ஒன்று இருந்தது. மெடிக்கலில் டாக்டர் சீட்டு இல்லாமலே தருவார்கள். அம்மா அதில் ஒரு ட்யூப் வாங்கி வந்தாள். சில நாளிலேயே சித்தியின் முகம் தேய்த்து வைத்த செம்பு போல மின்னியது. அம்மா தாமதிக்கவில்லை. அந்த வாரமே ஸ்டுடியோவுக்குக் கூட்டிப்போய்ப் போட்டோ எடுத்து, தரகர் மூலம் மத்தூரில் நிலம் நீச்சு உள்ள ஒரு குடும்பத்துக்கு அனுப்பினாள். அவர்களுக்குப் பிடித்துவிட்டது.

ட்யூப் தீர்ந்ததும் க்ரீமை நிறுத்தினார்கள். வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்ட கதை அப்போதுதான் தெரிந்தது. முகம் முழுக்கச் சிவந்து எரிந்தது. முன்பு சுத்தமாக இருந்த நெற்றியிலும் பரு கிளம்பியது.

சித்தி என்னைத் துணைக்கு அழைத்துக்கொண்டு ஒரு தோல் டாக்டரம்மாவிடம் போனாள். அவர் காலி ட்யூபை வாங்கிப் பார்த்துவிட்டு, இதில் ஸ்டீராய்டு கலந்திருக்கிறது, இனித் தொடவே கூடாது என்றார். கடலை மேலும் கோழி மேலும் பழி போட வேண்டாம். வயசு, ஹார்மோன், தோலில் எண்ணெய் வருகிற துவாரம் அடைத்துக்கொள்வது, அதற்கு மேல் மாஸ்க்குக்குள் ஊறும் வேர்வை, இவைதான் காரணம் என்றார். இரண்டு வேளை முகம் கழுவச் சொன்னார். கிள்ளக் கூடாது, ராத்திரி இந்த மருந்தை மெல்லிசாகப் பூச வேண்டும், குறைய மாசக்கணக்கில் ஆகும், நன்றாகத் தூங்க வேண்டும். தூக்கத்தைப் பற்றிச் சொன்னபோது சித்தி சிரித்துவிட்டாள்.

“நைட் ஷிஃப்ட்டுக்குப் போறப்ப எப்பங்க பூசுறது?” என்று கேட்டாள்.

“எப்பத் தூங்குறியோ, அதுக்கு முன்னாடி பூசும்மா.”

மத்தூர்க்காரர்கள் அடுத்த ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வருவதாகத் தகவல் வந்தது. மாசக்கணக்கு மருந்தை நம்பி உட்கார்ந்திருக்க அம்மாவால் முடியவில்லை. பழைய க்ரீமிலேயே புது ட்யூப் ஒன்றை வாங்கி வந்து நீட்டினாள்.

“நாலு நாளைக்குப் போட்டுக்கோடி. அவங்க பாத்துட்டுப் போனதும் நிறுத்திடலாம்.”

“நிறுத்தினா மறுபடி வரும்க்கா. தாலி கட்டினதுக்கப்புறம் வந்தா யாரு பதில் சொல்றது?”

அம்மா ட்யூபைக் கண்ணாடி பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள். நான் தினமும் எடுத்துப் பார்த்தேன். பிரிக்காமலே இருந்தது. எனக்கு எரிச்சலாக இருந்தது. சித்தி கல்யாணத்துக்கு எனக்குப் பட்டுப்பாவாடை என்று பேசி வைத்திருந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை நைட் ஷிஃப்ட் முடிந்து வந்த சித்தி, முகம் கழுவிப் புடவை கட்டிக்கொண்டு, அந்தச் சிவந்த முகத்தோடேயே காபித் தட்டை எடுத்து வந்தாள். மாப்பிள்ளையின் அம்மா அவளைப் பார்த்தார், பிறகு எங்கள் அம்மாவைப் பார்த்தார்.

“போட்டோவுல வேற மாதிரி இருந்துச்சே.”

சித்தி தட்டைக் கீழே வைத்தாள். “அது ஒரு க்ரீம் போட்டப்ப எடுத்ததுங்க. இப்ப இப்படித்தான் இருக்கு. சரியாகறதுக்கு மாசக்கணக்குல ஆகும்னு டாக்டர் சொல்லியிருக்காங்க.”

அப்பா மழையைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். வந்தவர்கள் கேசரியைச் சாப்பிட்டுவிட்டு, ஊருக்குப் போய்த் தகவல் அனுப்புவதாகச் சொல்லி எழுந்தார்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று என்னைத் தவிர எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அம்மா அடுப்படியில் உட்கார்ந்து அழுததைப் பார்த்துத்தான் நானும் தெரிந்துகொண்டேன்.

சித்தியும் அழுதுகொண்டிருப்பாள் என்று உள் அறைக்குப் போனேன். தூங்கிக்கொண்டிருந்தாள். பட்டப்பகலில், வாய் லேசாகத் திறந்திருக்க, அடித்துப் போட்டாற்போலத் தூக்கம். முகம் கழுவி டாக்டரம்மா கொடுத்த மருந்தை மெல்லிசாகப் பூசியிருந்தாள். அது தலையணையில் ஒட்டிவிடாதபடி மல்லாந்து படுத்திருந்தாள்.

எனக்கு அவள் மேல் கோபம் கோபமாக வந்தது. பார்க்க வந்தவர்கள்தான் போய்விட்டார்களே, இனி யாருக்காக இவள் மருந்து பூசிக்கொண்டு படுத்திருக்கிறாள் என்று அன்றைக்கு எனக்கு விளங்கவில்லை.